இரும்பு விலைக்கு ஏலம்

சென்ற கோடையில் விழுப்புரத்தில் ஒரு மோட்டார் ஏலத்துக்குப் போயிருந்தேன். வாங்கும் உத்தேசம் எதுவும் இல்லை. எனக்குச் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. திண்டிவனத்தில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் என் தங்கை மகன், "சும்மா வாங்க மாமா, வேடிக்கை பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டான். போனேன். வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஒரு வாரம் மனசு சரியில்லை. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்டுப் பறிமுதலான வண்டிகள் அவை. காலை பத்து மணி வெயிலில் வரிசை வரிசையாய் நின்றன. பெரும்பாலும் மொபெட்டுகளும் மோட்டார் சைக்கிள்களும், ஓரமாகச் சில ஆட்டோக்கள், ஏழெட்டுக் கார்கள். டயர்கள் காற்றிறங்கித் தரையோடு தரையாய்ப் படுத்துவிட்டன. ஸீட்டுகளில் பஞ்சு இல்லை. எலி இருந்த அடையாளம் இருந்தது. ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறக்கப் போன என் மருமகன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். உள்ளே ஸ்டீயரிங் சக்கரத்துக்கு அடியில் குளவிக் கூடு.

"நல்ல வண்டி மாமா. புடிச்சப்ப மூணு வருசத்து வண்டியா இருந்திருக்கும்."

"இப்போது?"

"இப்ப கிலோ கணக்குதான்."

கிலோ கணக்கு! பட்டறைக்காரன் வாயிலிருந்து சாதாரணமாக வந்த அந்த வார்த்தைக்குள் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. மோட்டாராக உள்ளே போன பொருள் இரும்பாக வெளியே வருகிறது. இடையில் அதை யாரும் ஓட்டவில்லை, மோதவில்லை, தேய்க்கவில்லை. சும்மா நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவுதான். நம் தேசத்தில் ஒரு பொருளை நாசமாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது: அதைச் சர்க்கார் வசம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டால் போதும்!

மோட்டார் ஏலம் என்பது எப்பொழுதும் இப்படி இருந்ததில்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் ராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்ட ஜீப்புகளும் லாரிகளும் நாடெங்கும் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போஸல் வண்டி' என்று அவற்றுக்குப் பெயர். பீரங்கி இழுத்த வண்டி மூட்டை சுமக்க வந்தது. சிப்பாய்களைச் சுமந்த வண்டி, மேலே பலகையடித்துக்கொண்டு ஜனங்களைச் சுமந்தது. சண்டைக்குச் செய்த சாமான் சம்சாரத்துக்குப் பயன்பட்டது என்றால் அதற்கு அந்த ஏலங்களும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு வந்தது அம்பாஸடர் யுகம். 1957இல் வங்காளத்து உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கிய அம்பாஸடர், பம்பாயில் தயாரான பியட், நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் – தேசத்தில் காரென்று சொல்லிக்கொள்ள இந்த மூன்றும்தான். பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மகள் பிறந்தபோது பதிவு செய்த கார் அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்து சேர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பழைய அம்பாஸடரோ ஜீப்போ ஏலத்துக்கு வந்தால் அது ஊர்த் திருவிழா மாதிரி. ஏலம் கேட்க வருகிறவன் சும்மா வரமாட்டான். கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வருவான். அந்த மெக்கானிக் கையோடு ஒரு பேட்டரியும் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலும் கொண்டு வருவார். கார்ப்பரேட்டரில் நாலு சொட்டு விட்டு, வண்டியைக் கிளப்பி, திருப்புளியின் நுனியை இயந்திரத்தின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கேட்பார். "போரிங் செஞ்சா ஓடும்" என்று அவர் சொன்னால் அது ஓடும். கலெக்டரைச் சுமந்த ஜீப் அதற்குப் பிறகு இன்னும் இருபது வருஷம் செஞ்சிப் பக்கத்துக் கரட்டு வழிகளில் நெல்லும் கடலையும் சுமக்கும். தாசில்தாரின் அம்பாஸடர் திண்டிவனத்தில் வாடகைக் காராகிக் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஓடும்.

பழைய காலத்தைப் பொன்னுலகமாக்கிக் காட்டும் கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. அந்த ஏலங்களிலும் அயோக்கியத்தனம் இருந்தது. நாலு வியாபாரிகள் டீக்கடையில் கூடி, யார் எதைக் கேட்பது, யார் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வருவார்கள். புது ஆசாமி ஒருவன் தைரியமாக விலையேற்றினால் அவன் தோளில் ஒரு கை விழும். "தம்பி, உங்களுக்கு எதுக்கு இந்த வண்டி?" என்று அந்தக் கை அன்பாக விசாரிக்கும். சர்க்காருக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பங்கு டீக்கடையிலேயே பிரிந்துவிடும். இதெல்லாம் உண்மை. ஆனால் அத்தனை திருட்டுக்கும் நடுவில் ஒன்று நடந்தது: ஓடுகிற வண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று. புதிது வாங்க வக்கில்லாத ஒருவன் மோட்டாருக்குச் சொந்தக்காரன் ஆனான். ஏலத்தின் தர்மம் அது ஒன்றுதான்.

இன்று ஏலம் மூன்று விதமாகப் பிரிந்திருக்கிறது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுவது நியாயமாகாது.

முதலாவது, இலாகா வண்டிகள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சர்க்கார் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தால் அதன் பதிவும் முடிந்தது. புதுப்பிக்க வழியில்லை, ராணுவம், சட்டம் ஒழுங்கு சம்பந்தப்பட்ட சில விசேஷ வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. மற்றவை பதிவு பெற்ற உடைப்புக்கூடங்களுக்குப் போய்த் தீரவேண்டும். செஞ்சிக்குப் போன ஜீப் இனிமேல் போக முடியாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. விவசாயி வீட்டு ஜீப் பதினைந்து ஆண்டு கழித்தும் தகுதிச் சான்று வாங்கி ஓடலாம், சர்க்கார் வீட்டு ஜீப் ஓடக்கூடாது என்பது விசித்திரமாகவும் இருக்கிறது. ஆனாலும் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்: கிழட்டு இயந்திரத்தின் புகை. டில்லிக் காற்றைப் பற்றிப் படித்தவர்கள் அந்தக் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, தவணை கட்டாதவர்களிடமிருந்து பாங்குகளும் கடன் கம்பெனிகளும் கைப்பற்றும் கார்கள். இப்போது அவை தெருவில் ஏலம் போவதில்லை, டெலிபோனில் போகின்றன. விழுப்புரத்தில் நிற்கும் காரைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவர் படம் பார்த்துக் கேட்கிறார். தோளில் கை போடுகிற டீக்கடைக் கும்பலுக்கு இதில் கொஞ்சம் கஷ்டம்தான், சந்தோஷம். காதில் திருப்புளி வைத்துக் கேட்கிற மெக்கானிக்குக்கும் வேலை போயிற்று, வருத்தம். ஆனால் ஒன்று கவனியுங்கள். கடன் கொடுத்தவனுக்குத் தன் பணத்தின் அருமை தெரியும். கார் நிற்கிற ஒவ்வொரு நாளும் விலை குறைகிறது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அவசர அவசரமாக விற்றுவிடுகிறான். ஈவிரக்கம் இல்லாதவன்தான், ஆனால் கணக்குத் தெரிந்தவன்.

மூன்றாவதுதான் நான் வெயிலில் நின்று பார்த்த வேடிக்கை: போலீஸ் கைப்பற்றும் வண்டிகள். இங்கே ஈவிரக்கமும் இல்லை, கணக்கும் இல்லை.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரு தனி ஜாதகம். இரண்டு ஊரிலிருந்தும் நாற்பது கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது அது பிரெஞ்சுக்காரன் சீமை, கடை திறந்திருந்தது. 1954இல் பிரெஞ்சுக்காரன் போனான், கடை போகவில்லை. பிற்பாடு தமிழ்நாட்டில் சர்க்காரே கடை வைத்து விற்க ஆரம்பித்த பிறகும் வித்தியாசம் தீரவில்லை. வரி அங்கே குறைவு, ஆகவே விலையும் குறைவு. எல்லையோ நேர்கோடாக இல்லை. வயலுக்குள்ளும் வீதிக்குள்ளும் புகுந்து புகுந்து போகிறது. ஒரு தெருவில் ஒரு விலை, அடுத்த தெருவில் ஒரு விலை என்றால், இடையில் நடப்பதற்கு ஆள் தயாராவது மனித சுபாவம். அன்று சாராயம் சைக்கிளில் டியூபுக்குள் வந்தது. இன்று சீசா மொபெட்டில் வருகிறது, ஆட்டோவில் வருகிறது, காரின் கதவுத் தகட்டுக்குள்ளும் ஒளிந்து வருகிறது. பிடிபடுகிறது. பிடிபட்ட வண்டி நிலையத்துக்குப் போகிறது. அங்கே நிற்கிறது.

எவ்வளவு காலம் நிற்கிறது? ஏல மைதானத்தில் நான் பேசிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

அறுபது வயதிருக்கும். வேட்டி, தோளில் துண்டு. ஏலம் கேட்பவர்களோடு நிற்காமல் ஒரு மொபெட்டின் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ஒரு கிராமம். பால் வியாபாரம். விடியற்காலையில் வீடு வீடாகக் கறந்து, மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன் மாட்டி, திண்டிவனத்து டீக்கடைகளுக்கு ஊற்றுவார். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுப் பையன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பவில்லை. பால் கேனுக்குள் சீசாக்களோடு அவன் பிடிபட்டான், மொபெட்டும் பிடிபட்டது.

"அப்ப வண்டிக்கு வயசு ஒன்றரை வருசம் சார். தவணை பதினோரு மாசம் பாக்கி. தவணைக்காரன் விடுவானா? வண்டி ஸ்டேஷன்ல நிக்குது, நான் கட்டிக்கிட்டே இருந்தேன்."

"உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லையா?"

"நோட்டீஸ் வந்துச்சு. போய் நின்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னேன். எழுதிக் குடுன்னாங்க, குடுத்தேன். தெரியாதுங்கிறதுக்கு என்னா ருசு இருக்குதுன்னாங்க. தெரியாததுக்கு ஏது சார் ருசு?"

வண்டி போனபின் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். சைக்கிளில் அத்தனை தூரம் அத்தனை பால் போகாது. தாமதமானால் டீக்கடைக்காரன் காத்திருக்கமாட்டான். ஒவ்வொரு கடையாகக் கைவிட்டுப் போயிற்று. இப்போது இரண்டு மாட்டோடு சரி.

அந்தப் பையன்? அபராதமும் சிறையுமாக அவன் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. வண்டியின் தண்டனைதான் தீரவில்லை. நான்கு மழைக்காலம், நான்கு அக்கினி நட்சத்திரம்.

அந்த மொபெட்டையும் இன்னும் பலவற்றையும் சேர்த்து ஒரு காயலான்கடைக்காரர் எடுத்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். என்ன விலை என்று நான் எழுதப் போவதில்லை. அந்தத் தொகையில் ஒரு நல்ல டயர் கிடைக்குமா என்பது சந்தேகம். பெரியவர் அவரிடம் போய், "ஐயா, அந்தக் கேன் மாட்டற கம்பிச் சட்டத்தை மட்டும் குடுப்பீங்களா? திண்டிவனத்துல சொல்லி அடிச்சது. பத்தவச்சதுக்குத் தனியா காசு குடுத்தேன்" என்றார். இரும்புக் கடைக்காரர் நல்ல மனுஷர். ஸ்பேனர் எடுத்துத் தாமே கழற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஏலத்துக்கு வந்த அத்தனை பேரிலும் அந்த மனுஷர் ஒருவர்தான் சட்டத்துக்கு மேலான ஒரு நியாயத்தைச் செய்தவர் என்று எனக்குப் பட்டது.

இங்கே, பட்டறைக்காரனான என் மருமகன் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை வாசகர்களுக்கும் சொல்லவேண்டும். அந்தக் காலத்து அம்பாஸடரை மூன்று வருஷம் மரத்தடியில் போட்டு வைத்தாலும் மீட்டுவிடலாம். டயரை மாற்று, டாங்கைக் கழுவு, கார்ப்பரேட்டரைப் பிரித்து ஊது, நாலு முழம் ஒயர் இழு, ஓடும். அது வெறும் இரும்பும் எண்ணெயும் நெருப்பும். 1983 டிசம்பரில் மாருதி வந்தது. அம்பாஸடரும் மாருதி 800-ம் 2014ஆம் ஆண்டிலேயே முன்னும் பின்னுமாக நின்றுபோயின. 2020 ஏப்ரலிலிருந்து புகை விதிகள் இன்னும் கடுமையாகி, இன்றைய மோட்டாருக்குள் ஒரு கணிப்பொறி உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று, எப்போது பொறி என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சாவிக்குள்கூட ஒரு சில்லு. அந்தச் சாவி தொலைந்தால் வேறு சாவி போட்டுத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வரை இது பழைய வண்டியைவிட ஆயிரம் மடங்கு உயர்ந்தது. ஆனால் நிறுத்திவைத்தால் தாங்காது. பேட்டரி செத்துப்போகும், எலி வயரிங்கைக் கத்தரிக்கும், ஈரம் கணிப்பொறியைத் தின்னும். அப்புறம் அதைச் சரிசெய்கிற செலவில் வேறு வண்டியே வாங்கிவிடலாம்.

அதாவது, வண்டி மாறிவிட்டது. சர்க்காரின் தாமதம் மட்டும் அம்பாஸடர் காலத்திலேயே நிற்கிறது. அன்று மூன்று வருஷத் தாமதம் வண்டியைக் கொஞ்சம் கிழமாக்கியது. இன்று அதே மூன்று வருஷம் அதைக் கொன்றுவிடுகிறது. கொன்றுவிட்டு, "உள்ளது உள்ளபடி" என்று அறிவிப்பில் அச்சடித்து, முன்வைப்புத் தொகை கட்டிவிட்டு வா, ஏலத்தொகையோடு சரக்கு சேவை வரியும் சேர்த்துக் கட்டு என்கிறார்கள். பிணத்துக்கு வரி!

இதைச் சொன்னால் எதிர்க்கேள்விகள் வரும் என்று தெரியும். வரட்டும்.

"சாராயம் கடத்துகிறவனுக்குப் பரிந்து பேசுகிறாயா?" என்பார்கள். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் மெத்தனால். அந்தக் குடும்பங்களின் ஒப்பாரி கேட்ட எவனும் கடத்தல்காரனுக்குப் பரிந்து பேசமாட்டான். நானும் பேசவில்லை. பிடியுங்கள், வழக்குப் போடுங்கள், உள்ளே தள்ளுங்கள். ஆனால் மெத்தனால் வியாபாரி தன் பெயரில் வாங்கிய புதுக் காரில் சரக்கேற்றி அனுப்புகிறான் என்றா நினைக்கிறீர்கள்? அவன் வண்டி அவன் பெயரில் இருக்காது. பிடிபட்டால் போகட்டும் என்று அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் தொழிலுக்கே இறங்குகிறான். வெயிலில் துருப்பிடிக்கும் வண்டி அவனை ஒன்றும் செய்வதில்லை. சாவியை நம்பிக் கொடுத்த பால்காரரைத்தான் செய்கிறது.

"வண்டி வழக்குச் சொத்து; சாட்சியம்; விட முடியாது" என்பார்கள். இதற்கு நான் பதில் சொல்லவேண்டியதில்லை. சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. குஜராத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2002 அக்டோபரிலேயே தெளிவாகத் தீர்ப்பளித்தார்கள்: கைப்பற்றிய வண்டிகளை நிலையங்களில் நெடுங்காலம் போட்டுவைப்பதில் ஒரு பயனும் இல்லை; படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்திரம் எழுதி வாங்குங்கள், ஜாமீன் வாங்குங்கள், உரியவனிடம் கொடுங்கள்; உரியவன் வராவிட்டால் கோர்ட்டு உத்தரவின் பேரில் ஏலம் விடுங்கள். பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதம். அதற்கு மேல் வேண்டாம். இதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த வாக்கியங்களைப் படித்துவிட்டு எந்த நிலையத்து வாசலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

சரி, தீர்ப்புத்தானே, சட்டமா என்று கேட்டவர்களுக்காகச் சட்டமும் வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு சொல்கிறது: கோர்ட்டில் ஒப்படைத்த சொத்துக்கு 14 நாளில் விவரப் பட்டியல், போட்டோ, வேண்டுமானால் வீடியோ, அந்தப் படமே விசாரணையில் சாட்சியம், பட்டியல் முடிந்த 30 நாளில் அதைக் கொடுப்பதா, விற்பதா, அழிப்பதா என்று உத்தரவு. ஆக நாற்பத்துநாலு நாள். நாலு வருஷம் அல்ல, நாற்பத்துநாலு நாள்!

பிறகு ஏன் பால்காரரின் மொபெட் நாலு வருஷம் நின்றது? இங்கேதான் சூட்சுமம். மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் வருஷத்துத் தனிச்சட்டம். வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அதன் 14ஆம் பிரிவின் கீழ் இலாகா அதிகாரியின் கைக்கும் போகிறது. உடையவனுக்கு நோட்டீஸ் கொடுக்கவேண்டும், அவன் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் உண்டு. ஆனால் நாற்பத்துநாலு நாள் கடிகாரம் அந்த மேஜையின் மேல் இல்லை. இந்தக் கோப்பு அந்த ஆபீசுக்கு, அந்தக் கோப்பு இந்த ஆபீசுக்கு; மதிப்புப் போட ஒரு இன்ஸ்பெக்டர்; அவர் வர ஒரு கடிதம்; ஏலத்துக்கு ஒரு அனுமதி; போதுமான எண்ணிக்கை சேரட்டும் என்று ஒரு காத்திருப்பு. யாரும் அக்கிரமம் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் மேஜைக்கு வந்த காகிதத்தை ஒழுங்காகத்தான் அனுப்பினார்கள். அந்த ஒழுங்கு முடிவதற்குள் வண்டி முடிந்துவிட்டது.

"சர்க்காருக்குப் பணம் வருகிறதே" என்று சொல்பவரும் உண்டு. வெட்கம்! முதல் மாதத்தில் விற்றிருந்தால் வண்டி விலை கிடைத்திருக்கும். நாலாவது வருஷத்தில் இரும்பு விலை கிடைக்கிறது. மிச்சம் எங்கே போயிற்று? எந்த அதிகாரியும் எடுக்கவில்லை, மழை எடுத்துக்கொண்டது. லஞ்சம் வாங்கினால் பிடிப்பதற்கு ஒரு இலாகா வைத்திருக்கிறோம். மழை வாங்கினால் யாரைப் பிடிப்பது?

"பழைய வண்டி ரோட்டுக்கு வராமல் இருப்பதே நல்லது, புகை குறையும்" என்று ஒரு நாகரிகமான வாதம். இலாகா ஜீப் விஷயத்தில் நான் இதை மதித்தேன். இங்கே மதிக்கமாட்டேன். பதினைந்து வருஷத்து வண்டியை உடைப்பது சுத்தம். ஒன்றரை வருஷத்து மொபெட்டை நாலு வருஷம் நிறுத்திவைத்து உடைப்பது சுத்தமல்ல. அதற்குப் பதிலாக வேறொன்றை எங்கோ ஒரு தொழிற்சாலை உருக்கிச் செய்யத்தானே வேண்டும்? இந்த இரும்பும் கும்மிடிப்பூண்டி உருக்காலை மாதிரி ஏதோ ஒரு உலைக்குத்தான் போகப்போகிறது. அந்த உலைக்குப் புகை இல்லையா?

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் அல்ல. மூன்றே காரியம்.

ஒன்று: அந்த 14-ஐயும் 30-ஐயும் மதுவிலக்குச் சட்டத்திலும் எழுதுங்கள். இலாகா அதிகாரியின் மேஜையிலும் ஒரு கடிகாரம் ஓடட்டும். நாள் தாண்டினால், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை உடையவனிடம் கொடுத்தே தீரவேண்டும் என்றிருக்கட்டும். 2016இல் கடுமையான மதுவிலக்குக் கொண்டுவந்த பீகாரிலேயே, பிடிபட்ட வண்டிகள் குவிந்தபின் அபராதம் கட்டி மீட்டுக்கொள்ள வழி திறந்துவிட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இரண்டு: விற்பதுதான் முடிவென்றால், வண்டி வண்டியாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். விற்ற பணத்தைக் கோர்ட்டில் போட்டுவையுங்கள். குற்றம் ருசுவானால் பணம் சர்க்காருக்கு. இல்லையென்றால் பணம் உடையவனுக்கு. பணத்துக்குத் துருப்பிடிக்காது; எலி கடிக்காது. கடன் கம்பெனிக்காரனுக்குத் தெரிந்த கணக்கு சர்க்காருக்குத் தெரியக்கூடாதா?

மூன்று: ஏலத்தில் தனியாள் கேட்பதற்கு இடம் கொடுங்கள். ஓடும் வண்டியைத் தனித்தனியாக விடுங்கள். ஏல ரசீதைக் காட்டினால் அலைச்சல் இல்லாமல் அவன் பெயருக்குப் பதிவாகட்டும். கல்லூரிக்குப் போகிற பையனும், மீன் விற்கிற அம்மாவும், இன்னொரு பால்காரரும் வந்து கேட்கட்டும். காயலான்கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் குணம் எனக்குத் தெரியும். ஆனால் ஏலம் என்பது அவருக்காக ஏற்பட்டதல்ல.

மருமகனின் வண்டியில் திண்டிவனத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு காவல் நிலையத்துச் சுவரோரம் அதே காட்சி: வேப்பமரத்தடியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த வண்டிகள், நடுவில் முளைத்த எருக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் தனியாக நின்றது. அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கவேண்டும். கண்ணாடியில் கட்டிய எலுமிச்சம்பழம்கூட வாடவில்லை.

மருமகன் வேகத்தைக் குறைத்து ஒரு முறை பார்த்தான். "டயர்ல காத்து இருக்குது மாமா" என்றான்.

நாற்பத்துநாலு நாளில் முதல் நாள் அது. சட்டம் செய்பவர்களே, இன்னும் காற்று இருக்கிறது.